கூரைக்கு முன் கான்
பழைய லயக் காம்பராவைத் திருத்திக் கட்டும் குடும்பங்களுக்கு

ஒக்டோபர் மாதத்து இரவு ஒன்றில் என் அக்கா வீட்டுச் சுவர் விழுந்தது. சுவர் என்றால் கல் அல்ல, அதன்மேல் பூசியிருந்த சீமெந்துப் பூச்சு. ஒரு பாய் அகலத்துக்குப் பாளமாகப் பிரிந்து, பிள்ளைகள் படிக்கும் மேசையின்மேல் விழுந்தது. நல்ல காலம், பிள்ளைகள் அந்த நேரம் அடுப்படியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பூச்சுக்கும் பெயின்டுக்குமாக அக்காவின் சங்கிலி அடகுக்குப் போயிருந்தது. பூசி எட்டு மாதம்கூட ஆகவில்லை.

அத்தானின் பெற்றோர் ஹற்றன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர்கள். 1977 ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின் வன்னிக்குப் போனார்கள். காடு வெட்டிக் கிணறு தோண்டி உளுந்தும் மிளகாயும் செய்தார்கள். 2009 இல் அதையும் விட்டு முகாமுக்குப் போக வேண்டி வந்தது. பிறகு அத்தானின் பெரியம்மா தனியாக இருந்த லயக் காம்பராவுக்கு, இரண்டு பிள்ளைகளோடும் நான்கு மூட்டையோடும் அக்காவும் அத்தானும் வந்து சேர்ந்தார்கள். இந்த இதழைப் படிக்கும் பல குடும்பங்களுக்கு இது புதிய கதை அல்ல. வயலையும் கிணற்றையும் விட்டு வந்தவர்களுக்கு நூறு வயதுக் காம்பரா ஒன்று ஒதுங்க இடம் தந்திருக்கிறது. அதைக் கொஞ்சம் மனிதர் வாழும் வீடாக்க வேண்டும் என்ற ஆசையில் கையில் இருக்கும் காசைச் சுவரில் போடுகிறோம்.

பூச்சு விழுந்த மறுநாள், அதே தோட்டத்தில் எழுபது வயதைத் தாண்டிய மேசன் பாஸ் ஒருவர் வந்து பார்த்தார். சுவரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நேரே காம்பராவின் பின்புறம் போய் நின்றார். அங்கே மண்மேட்டுக்கும் சுவருக்கும் இடையில் ஒரு முழம் இடைவெளி. அதிலும் பாதி மண் நிறைந்து புல் முளைத்திருந்தது.

“தண்ணி எங்க இருந்து வருதுன்னு பாக்காம சுவத்துக்குப் பூசியிருக்கீங்க தம்பி. அது சளி பிடிச்ச பிள்ளைக்குப் புதுச்சட்டை போட்ட மாதிரி” என்றார். அத்தான் பேசாமல் நின்றார்.

அந்த ஆண்டு மழை விட்டபின் அவர் சொன்ன வரிசைப்படி வேலையை மறுபடி தொடங்கினோம். அந்த இரண்டாவது வேலையில் கற்றுக்கொண்டதே இந்தக் கட்டுரை. சுருக்கமாகச் சொன்னால், கண்ணுக்குத் தெரிகிற வேலை கடைசி. தெரியாத வேலை முதல்.

லயம் எப்படிக் கட்டப்பட்டது?

1869 இல் கோப்பி இலையில் நோய் விழுந்தது. அதன்பின் மலைநாடு மெல்ல மெல்லத் தேயிலைக்கு மாறியது. கோப்பிக் காலத்திலும் அதன்பின் தேயிலைக் காலத்திலும் தொழிலாளருக்காகக் கட்டப்பட்டவை லயங்கள். ஒரு காம்பரா பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. அதன் முன்னால் ஒரு சிறு இஸ்தோப்பு. ஒற்றை லயத்தில் காம்பராக்கள் ஒரே வரிசையாக இருக்கும். இரட்டை லயத்தில் முதுகோடு முதுகு ஒட்டி இரண்டு வரிசை இருக்கும். அதனால் பின்பக்கம் யன்னல் வைக்கவே வழியில்லை.

பழைய லயங்கள் பலவற்றில் சுவர் கருங்கல்லும் களிமண்ணும் சேர்த்துக் கட்டி, மேலே சுண்ணாம்புச் சாந்து பூசியது. கூரை தகரம். இங்கே இரண்டு விஷயங்களை மனதில் வைக்க வேண்டும். முதலாவது, இந்தச் சுவர் மூச்சு விடும் சுவர். மண்ணிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாகக் காய்ந்து வெளியே போய்விடும். அதன்மேல் கெட்டியாகச் சீமெந்தைப் பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்படும், களிமண் இளகும், பூச்சு பாளமாகக் கழன்று விழும். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். இரண்டாவது, ஒரு காம்பரா தனி வீடு அல்ல. இரு வீட்டுக்கும் நடுவிலுள்ள சுவர்தான் பெரும்பாலும் கூரையின் பாரத்தைத் தாங்குகிறது. அது உங்களுடையதும் அல்ல, பக்கத்து வீட்டாருடையதும் அல்ல, இருவருக்கும் பொது.

முதற் கேள்வி: நிலம் நிற்குமா?

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த மழை நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் எத்தனையோ வீடுகளை மண்ணோடு கொண்டுபோயிற்று. சரியக்கூடிய மண்ணின்மேல் நிற்கும் வீட்டுக்கு ஒரு மூட்டைச் சீமெந்து செலவழிப்பதும் வீண்தான்.

ஆகவே அலவாங்கை எடுக்குமுன் லயத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். மேட்டிலோ முற்றத்திலோ பிறை வடிவில் புதிய வெடிப்பு இருக்கிறதா? நேராக நின்ற மரமோ மின்கம்பமோ சாய்கிறதா? இல்லாத இடத்தில் ஊற்று கிளம்பியிருக்கிறதா, அல்லது ஓடிய ஊற்று திடீரென்று நின்றிருக்கிறதா? தெளிவாக வந்த தண்ணீர் சேறாக வருகிறதா? முன்பு இலேசாகத் திறந்த கதவு இப்போது இறுகுகிறதா? இவற்றில் ஏதேனும் இருந்தால் வேலையை நிறுத்திவிட்டுக் கிராம அலுவலர் மூலமாகத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு எழுதிக் கொடுங்கள். நிலத்தைப் பார்த்து அறிக்கை தருவது அவர்களுடைய வேலை. அறிக்கை “இருக்க வேண்டாம்” என்று சொன்னால், திருத்த வைத்த காசைத் தொடாமல் வைத்திருங்கள். பாதுகாப்பான இடத்தில் வீடு கேட்பதற்கு அந்த அறிக்கையே உங்கள் கையிலுள்ள ஆதாரம்.

மழையை அளக்க வீட்டிலேயே வழி உண்டு. அடியும் வாயும் ஒரே அகலமான தகர டின் ஒன்றை, மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் வையுங்கள். தினமும் காலையில் அடிக்கோலால் அளந்துவிட்டு ஊற்றிவிடுங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் சேர்ந்தால் கவனமாக இருக்க வேண்டும். 100 ஆனால் புறப்படத் தயாராக வேண்டும். 150 ஆனால் வெளியேற வேண்டும். மண்சரிவு எச்சரிக்கைக்கு அந்த நிறுவனம் கடைப்பிடிக்கும் அளவுகள் இவை. அளவு எட்டாவிட்டாலும் மண்ணில் வெடிப்பைக் கண்டால் காத்திருக்க வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117.

இரண்டாவது கேள்வி: கடிதம் இருக்கிறதா?

தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் நிர்வாகம் தனியார் கம்பெனிகளிடம் போனது. இந்த மாற்றங்கள் எதிலும் லயக் காம்பரா அதில் வாழ்ந்தவரின் பெயருக்கு வரவில்லை. நான்கு தலைமுறை வாழ்ந்தாலும் உறுதி இல்லாமலே வாழ்கிறோம். நாம் போடும் கல்லும் தகரமும் நம்முடையவை என்பதற்கு, எழுத்தில் ஒன்றும் வைக்காவிட்டால், ஒன்றும் இல்லை.

அதனால் வாய்மொழி அனுமதியை நம்ப வேண்டாம். “துரை சரின்னுட்டாரு” என்று தொடங்கிய வேலை, துரை மாறியதும் பாதியில் நிற்பதைக் கண்டிருக்கிறேன். எந்தக் காம்பரா, என்ன வேலை, எந்தத் திகதி என்று எழுதி, தோட்ட அலுவலகத்தில் கொடுத்து, பிரதியில் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். நாம் ட்ரஸ்ட் என்று சொல்லும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தின் அலுவலருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். பிரதேச சபையையும் மறக்க வேண்டாம். பல காலம் தோட்டத்துக்குள் வேலை செய்யச் சபைக்குச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. 2018 இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டபின் அந்தத் தடை நீங்கிவிட்டது. பொதுக் கான், படிக்கட்டு, பாதை ஆகியவற்றுக்குச் சபையிடமும் விண்ணப்பிக்கலாம்.

தகரம், சீமெந்து வாங்கிய பற்றுச்சீட்டுகளையும், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களையும் ஒரு பொலித்தீன் பையில் போட்டு வையுங்கள். முகாமில் அடையாள அட்டையைப் பாதுகாத்தது போல இதையும் பாதுகாக்க வேண்டும்.

காலம் பார்த்துத் தொடங்குதல்

ஹற்றன், வட்டவளை, நோர்வூட், மஸ்கெலியா ஆகிய மேற்குச் சரிவுகளுக்கு மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேல் மழை. வட்டவளையில் ஆண்டு மழை 5000 மில்லிமீற்றர் அளவுக்குப் போகும். ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை. எனவே இந்தப் பக்கத்தில் கூரை பிரிக்க நல்ல காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. உடப்புசல்லாவை, வலப்பனைப் பக்கம் வேறு கணக்கு. அங்கே டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் மழை. அந்தப் பக்கத்தார் அது ஓயும்வரை பொறுக்க வேண்டும்.

கான் வெட்டுதல்

பாஸ் முதல் வாரம் முழுவதும் எங்களைச் சுவர்ப்பக்கமே விடவில்லை. பின்புறத்தில் நிறைந்திருந்த மண்ணை அள்ளச் சொன்னார். சுவருக்கும் மேட்டுக்கும் இடையில் மூன்றடியாவது இடம் வேண்டும். ஆனால் மேட்டின் அடியைச் செங்குத்தாக வெட்டி இடம் தேடக் கூடாது. அப்படி வெட்டினால் மேடே இறங்கிவிடும். எங்களுக்கு ஒரு முனையில் இரண்டடிதான் கிடைத்தது. அதோடு நிறுத்திக்கொண்டோம்.

கானின் அடி, வீட்டுக்குள் உள்ள தரையைவிட ஓரடியாவது தாழ்வாக இருக்க வேண்டும். ஓட்டம் ஒரே சீராக இருக்க வேண்டும். கானின் ஒரு முனையில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். எங்கேயும் தேங்காமல் மறுமுனைக்குப் போனால் சரி. அந்த முனை, இயற்கையாக நீர் ஓடும் ஓடையில் சேர வேண்டும். கீழ் லயத்தின் முதுகில் கொண்டுபோய்விட்டால் நம் ஈரத்தை அடுத்தவர் தலையில் ஊற்றியதாகும். மேட்டுக்குக் கல்லணை கட்டுவோர் தண்ணீர் கசிந்து வெளியேற இடையிடையே துளை விட வேண்டும். துளையில்லாத அணை முதல் பெருமழையிலேயே வயிறு தள்ளும்.

கான் வெட்டி மூன்று வாரத்தில், ஒரு கரண்டி சாந்தும் பூசாமலே, பின்சுவரின் கறுப்பு இறங்கத் தொடங்கியது. அன்றுதான் அத்தானுக்கு அந்தப் பாஸ்மேல் முழு நம்பிக்கை வந்தது.

உடைத்தல்

உடைப்பது மேலிருந்து கீழே: முதலில் தகரம், பிறகு சலாகை, பிறகு கைமரம், கடைசியில் சுவர். கழற்றிய மரத்தைத் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் வைத்துக்கொள்ளலாம், பொத்தென்றால் விறகுக்கு. பழைய தகரம் கோழிக்கூட்டுக்கும் விறகுக் கொட்டிலுக்கும் உதவும். பூச்சை உடைத்தெடுத்த கல்லும் காரையும் தரைக்கு அடியில் போட நல்ல சாமான்.

பொதுச் சுவரில் ஒரு கல்லையும் அசைக்க வேண்டாம். அறையைப் பெரிதாக்க நினைத்து நடுச்சுவரை உடைத்தால் இரண்டு வீட்டுக் கூரையும் ஒன்றாக இறங்கும். வேறு சுவரில் யன்னலோ கதவோ திறப்பதென்றால், முதலில் மேலே முட்டுக்கொடுத்து, லிண்டலுக்கு இடமெடுத்து, லிண்டல் இறுகிய பின்பே அதன் கீழே கல் எடுக்க வேண்டும். லிண்டல் இரு பக்கமும் சுவரில் ஒன்பது அங்குலம் இருக்கை கொள்ளட்டும்.

கூரை அஸ்பெஸ்டஸ் சீற் என்றால் தனிக் கவனம் தேவை. அதை உடைக்கும்போது கிளம்பும் தூசி நெஞ்சுக்குள் போய்ப் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வரக்கூடியது. முகத்தில் துணி கட்டுவது போதாது. சீற்றை நன்றாக நனைத்து, ஆணியைக் கழற்றி, முழுச் சீற்றாகவே இறக்குங்கள். வாளால் அறுக்கவோ மேலிருந்து எறியவோ வேண்டாம். விழுந்த துண்டுகளைக் காய்ந்த விளக்குமாற்றால் கூட்டாமல் ஈரத் துணியால் எடுத்துப் பொலித்தீனில் கட்டி ஆழப் புதையுங்கள். பிள்ளைகள் அன்று முழுவதும் வேறு வீட்டில் இருக்கட்டும். உடைந்த சீற்றைப் பாதைக் குழியில் போட்டு மிதிப்பது பெரும் பிழை.

கூரை

கூரையைத் தனியாக மாற்றுவதைவிட, லயத்தார் சேர்ந்து மாற்றுவது நல்லது. ஒரு வீட்டுக்குப் புதுத் தகரமும் பக்கத்து வீட்டுக்குப் பழைய தகரமும் சேரும் இடத்தில்தான் ஒழுக்கு வரும். எங்கள் வரிசையில் ஆறு குடும்பத்தில் நான்கு சேர்ந்தன. மற்ற இரு குடும்பத்துக்கும் அப்போது வசதி இல்லை. சேருமிடத்துக்குப் பெரிய பட்டைத் தகரம் வைத்துச் சமாளித்தோம்.

தகரத்தின் நீளப் பக்கம் ஒன்றரை நெளி ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும். நுனி ஆறு அங்குலமாவது ஏற வேண்டும். இறப்பர் வளையத்தோடு கூடிய திருகாணியை நெளியின் மேட்டில் அடிக்க வேண்டும். பள்ளத்தில் அடித்தால் தண்ணீர் அதே துளையைத் தேடி வரும். மலைக்காற்று கூரையைக் கீழிருந்து தூக்கும். ஆகவே கைமரத்தைச் சுவர் வளையோடு இரும்புப் பட்டி போட்டுக் கட்டுங்கள். கூரைமேல் கல் வைப்பது பாதுகாப்பு அல்ல. பெருங்காற்றில் அந்தக் கல்லே தலையில் விழும்.

ஒரு வேலையை மட்டும் யாரும் விட்டுவிட வேண்டாம். பழைய லயங்கள் பலவற்றில் நடுச்சுவர் கூரைவரை போகாது. மேலே வெளியாக இருக்கும். ஒரு வீட்டில் பற்றிய தீ அந்த வெளி வழியாக ஓடிச் சில நிமிடத்தில் லயம் முழுவதையும் பிடிப்பது இதனால்தான். கூரை பிரித்த நாளில் அந்த இடைவெளியைக் கல்லாலோ செங்கல்லாலோ தகரம் தொடும்வரை கட்டி அடைத்துவிடுங்கள். பின்னால் செய்ய முடியாத வேலை இது.

தரையும் சுவரும்

பழைய தரையைக் கொத்தி எடுத்து, காரையும் உடைகல்லும் போட்டு இடித்து, அதன்மேல் கெட்டிப் பொலித்தீன் விரித்து, மூன்று அங்குலக் கொன்கிறீட் போட்டோம். பொலித்தீன் கிழியாமலிருக்க அடியில் மெல்லிய மணற்படுக்கை வேண்டும். தரை வாசலை நோக்கி இலேசாகச் சாயட்டும். ஏழு நாள் நனைந்த சாக்கால் மூடி வையுங்கள். அவசரப்பட்டு மிதித்த தரை தூளாகப் பெயரும்.

களிமண் சேர்த்துக் கட்டிய சுவருக்கு உள்ளே நீறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. வெளியே மழையடிக்கும் பக்கத்துக்குச் சீமெந்து ஒன்று, சுண்ணாம்பு இரண்டு, மணல் ஒன்பது. சுவரை நனைத்து மெல்லிய இரண்டு பூச்சாகப் பூச வேண்டும். சுண்ணாம்பு மெதுவாகத்தான் இறுகும், பொறுமை வேண்டும். சீமெந்துக் கல்லால் கட்டிய பிற்காலச் சுவர் என்றால் வழக்கமான சீமெந்துப் பூச்சே போதும்.

அடுப்படியும் மின்சாரமும்

புகைதான் லயத்தின் பழைய நோய். இரண்டு பானை வைக்கும் அனகி அடுப்பைக் களிமண்ணில் பதித்தால் விறகும் புகையும் குறையும். ஆனாலும் புகை வெளியேற வழி வேண்டும். புகைக்கூண்டு கூரையைவிட இரண்டடி உயரட்டும். மரத்தைத் தொடாமல் போகட்டும்.

பக்கத்து வீட்டிலிருந்து இழுத்த வயரில் விளக்கெரிப்பது லயத் தீக்கு அழைப்பு விடுவதாகும். அனுமதி பெற்ற மின்வேலைக்காரரைக் கொண்டு வயரைக் குழாய்க்குள் இழுத்து, நிலத்தொடுப்பும் ட்ரிப் சுவிட்சும் போடுங்கள். பெயின்டில் மிச்சம் பிடித்தாவது இதைச் செய்யுங்கள்.

கடைசி வேலை

அக்கா மூன்று ஆண்டு ஆசைப்பட்ட நிறம் கடைசியில்தான் வந்தது. சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பு வெள்ளையே பொருந்தும். நீறிய சுண்ணாம்பை இரவு ஊறவைத்து, துணியில் வடித்து, கொஞ்சம் உப்பும் நீலமும் சேர்த்து, மெல்லியதாக மூன்று முறை அடிக்க வேண்டும். சீமெந்துப் பூச்சில் பெயின்ட் அடிப்போர் பூச்சு காய நான்கு வாரமாவது விட வேண்டும். நுவரெலியாக் குளிரில் இரவில் தகரம் உட்பக்கம் வியர்க்கும். இறவாணத்தின் கீழ் வலையடித்துக் காற்றோட விட்டால் ஈரம் தங்காது.

கந்தப்பளையில் மூடிக்கிடந்த ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1990களில் ஹோட்டலாகப் புதுப்பிக்கப்பட்டது. 1925 இல் கட்டிய ஹந்தானைத் தொழிற்சாலை 2001 இல் தேயிலை அருங்காட்சியகமானது. கம்பளைக்கு அருகே ஓல்ட் பீகொக் தோட்டத்தில் பழைய லயம் ஒன்று தொழிலாளர் அருங்காட்சியகமாக 2007 முதல் பேணப்படுகிறது. முறையாகச் செப்பனிட்டால் பழைய கட்டிடம் நிற்கும் என்பதற்கு இவை சாட்சி. ஆனால் பார்வையாளர் மாலையில் வீடு திரும்பிவிடுவார். நாம் அதற்குள்ளேயே படுத்தெழும்புகிறோம்.

லயத்தைத் திருத்துவது தனிவீட்டு உரிமைக்கு ஈடாகாது. 2015 க்குப் பின் குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ் காணி என்ற திட்டம் வந்தது. இந்திய உதவியோடு 4000 வீடுகள் கட்டப்பட்டன. 2017 மே மாதம் நோர்வூட்டில் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. காத்திருக்கும் குடும்பங்கள் அவற்றைவிடப் பல மடங்கு. கேட்பதை நாம் நிறுத்தக் கூடாது. காத்திருக்கும் காலத்தில் நனைந்துகொண்டும் இருக்கக் கூடாது.

அக்கா வீட்டுக் கான் இன்றும் ஓடுகிறது. மழைக்காலம் தொடங்குமுன் ஒவ்வொரு ஏப்ரலிலும் அத்தான் மண்வெட்டியோடு பின்புறம் போய்விடுவார். வன்னியில் வாய்க்கால் துப்புரவாக்கிய கை அது. சங்கிலியைத் திருப்ப இன்னும் இரண்டு ஆண்டு பிடித்தது. பொலித்தீன் பையிலுள்ள கடிதம் அக்காவின் தலைமாட்டில் இருக்கிறது.